பழைய துவிச்சக்கர வண்டியும் நமது வரலாறும்

கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலே, ஒரு பக்கம் இந்து சமுத்திரமும் மறு பக்கம் புத்தளம் கடலேரியும் அணைத்து நிற்கும் மணற்பரப்பில் அமைந்துள்ள ஊர் மாம்புரி. தென்னையும் மீன்பிடியும், கிணற்று நீரிறைத்துச் செய்யும் மிளகாய், வெங்காயத் தோட்டங்களும் இப்பகுதி மக்களின் சீவனோபாயங்களாக உள்ளன. இங்கு வீசும் கடற்காற்றின் வலிமையைக் கண்டே 2010ஆம் ஆண்டில் காற்றாலைகள் நிறுவப்பட்டன. ஆலைகளைச் சுழற்றும் அதே காற்றுச் சுமந்துவரும் உப்பு, மனிதன் செய்த இரும்புப் பொருள் எதனையும் எளிதில் விட்டுவைப்பதில்லை. அவ்வாறு துருவேறிக் கிடக்கும் பொருள்களுள் ஒன்றான பழைய துவிச்சக்கர வண்டியைப் பற்றியே இக்கட்டுரை பேச முற்படுகின்றது.

அரசர்களின் கல்வெட்டுகளையும் கோட்டைகளின் மதில்களையும் ஆராய்வோர் நம்மிடையே பலர் உளர். கற்பிட்டியில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டைக்கு எழுதப்பட்ட வரலாறு உண்டு. ஆனால் அக்கோட்டையின் அருகிலே மீன்பெட்டியைப் பின்னாற் கட்டிக்கொண்டு அதிகாலையிற் புறப்படும் வியாபாரியின் வண்டிக்கு வரலாறு எழுதுவார் இல்லை. உழைக்கும் மக்கள் கையாண்ட கருவிகளின் வரலாறு, அம்மக்களின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. அந்த வகையில், கடந்த நூறாண்டுக் காலத்தில் நம் நாட்டு ஏழை மனிதன் சொந்தமாக வைத்திருந்த ஒரே இயந்திரம் பெரும்பாலும் துவிச்சக்கர வண்டியே என்று கூறின் அது மிகையாகாது. அதற்கும் அவன் உள்ளூராட்சிச் சபைக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தித் தகடு பெறவேண்டியிருந்தது என்பதையும் மறத்தல் கூடாது.

இப்பொருளை இன்று எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டு ஏப்ரில் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக இலங்கை அரசாங்கம் அறிவித்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த ஒக்டேன் 92 ரகப் பெற்றோல் யூன் மாத இறுதியில் 470 ரூபாவாயிற்று. யூன் 28 முதல் இரு வாரங்கள் வரை, அத்தியாவசிய சேவைகளுக்கன்றி ஏனையோருக்கு எரிபொருள் விற்பனையே நிறுத்தப்பட்டது. மாம்புரிக்கு அண்மையிலுள்ள நுரைச்சோலையில், இறக்குமதி செய்த நிலக்கரியை எரித்து 900 மெகாவாற்று மின்சாரம் தரவல்ல நிலையம் நிற்கின்றது. ஆயினும் மார்ச்சு மாத இறுதியில் நாடு நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்டது. புதிய சைக்கிள் வாங்கலாமென்றால், இறக்குமதிக் கட்டுப்பாட்டாலும் ரூபாவின் வீழ்ச்சியாலும் அதன் விலையும் எட்டாத உயரத்திற்குப் போயிற்று. இந்நிலையிற்றான், விறகுக் கொட்டிலிலும் வேலியோரத்திலும் கிடந்த பழைய வண்டிகள் தூசு தட்டப்பட்டுத் திருத்துநரின் வாசலுக்கு வந்தன. பழைய இரும்பு வாங்குபவனுக்கு நிறையளவில் விற்கப்படவிருந்த பொருள், மீண்டும் மனிதனைச் சுமந்தது.

அது எப்படி இயன்றது? நாற்பது ஐம்பது ஆண்டுகள் பழமையான ஓர் இயந்திரத்தைச் சில சாவிகளையும் ஒரு சுத்தியலையும் கொண்டு மீட்டெடுக்க முடிவது தற்செயலானதன்று. அந்த வண்டியைச் சற்று உற்று நோக்குவோம்.

நம் ஊர்களில் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் ஆங்கிலேய மாதிரியில் அமைந்த நிமிர்ந்த வண்டிகள்: றலி, ஹம்பர், ஹேர்குலிஸ், பீ.எஸ்.ஏ. என்னும் பெயர்களைத் தாங்கியவை. உருக்குக் குழாய்களைப் பித்தளையால் ஒட்டிய சட்டம். 28 அங்குலச் சில்லுகள். கயிற்றுக்குப் பதிலாகக் கம்பிகளால் இயங்கும் தடுப்பு. முன் சில்லுக்கு 32, பின் சில்லுக்கு 40 என மொத்தம் 72 கம்பிகள். பாரத்தின் பெரும்பங்கு பின்னாலேயே விழுகின்றது என்பதை உணர்ந்த தொழிலாளரின் கணக்கு அது. திருத்துநர் முதலிற் பார்ப்பது சட்டத்தையே. துரு மேலோடு நின்றுவிட்டதா, குழாயின் உள்ளே புகுந்துவிட்டதா என்பதைத் தட்டிப் பார்த்தே அறிவார். சட்டம் உறுதியாயின் மற்றவை யாவும் திருத்தத்தக்கவை. இறுகிப்போன மரைகளுக்கு மண்ணெண்ணெயை ஊற்றி ஓரிரவு ஊறவிடுவார். மிதித்தண்டைப் பிடித்திருக்கும் ஆப்பைக் கழற்றும்போது, தண்டின் அடியிற் கட்டையொன்றை முட்டுக் கொடுத்த பின்னரே சுத்தியலால் அடிப்பார். இன்றேல் அடியின் வேகம் உள்ளேயிருக்கும் குண்டுகளையும் கோப்பையையும் சிதைத்துவிடும். வலப்பக்கக் கோப்பைக்கு இடமரை என்பதையும், இடப்பக்க மிதிக்கும் அவ்வாறே என்பதையும் அறியாதவன் பலத்தைக் கொண்டு திருகித் திருகி மரையையே அழித்துவிடுவான். கால் அங்குலக் குண்டுகள் பின்னச்சிற்கும் நடு அச்சிற்கும். பதினாறில் மூன்று அங்குலக் குண்டுகள் முன்னச்சிற்கு. பழைய மசகைத் துடைத்து, தேய்ந்த குண்டுகளை மாற்றி, புதிய மசகிட்டுப் பூட்டி, இறுதியிற் கம்பிகளை ஒவ்வொன்றாய் முறுக்கியும் தளர்த்தியும் சில்லின் கோட்டம் எடுப்பார். சட்டத்தின் ஓரத்தில் விரலை ஊன்றி, சுழலும் வளையத்தை நகத்தால் அளக்கும் அந்தக் கலை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

இவ்வாறு பிரித்துவைக்கப்பட்ட உறுப்புக்கள் ஒவ்வொன்றும் உலக வரலாற்றின் ஓர் ஏட்டைத் தன்னகத்தே கொண்டிருக்கின்றது.

சட்டத்தை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் கொவென்றி நகரம் பட்டு நாடா நெசவுக்குப் பெயர்பெற்றிருந்தது. 1860இல் பிரான்சுடன் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கை பிரெஞ்சுப் பட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டது. கொவென்றி நெசவாளர் வீதிக்கு வந்தனர். வேலை தேடிய அந்நகரிற் பிறந்த தையல் இயந்திரத் தொழிற்சாலையே 1869 அளவிற் சில்லு வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. அதே நகரில் 1885இல் ஜோன் கெம்ப் ஸ்ராளி என்பவர் செய்த ‘றோவர்’ வண்டிதான் இன்று நாம் காணும் வடிவத்திற்குத் தாய். பேர்மிங்காமிலோ கதை வேறு. 1861இல் துப்பாக்கி செய்வோர் ஒன்றுகூடி அமைத்த நிறுவனம் பீ.எஸ்.ஏ. அரசாங்கத்தின் ஆயுதக் கட்டளைகள் குறைந்தபோது, குழல் கடைந்த இயந்திரங்கள் சைக்கிளின் உறுப்புக்களைக் கடையலாயின. பீ.எஸ்.ஏ. வண்டியின் இலச்சினையில் மூன்று துப்பாக்கிகள் சாய்ந்து நிற்பதை இன்றும் காணலாம். உலகெங்கும் ஏகாதிபத்தியத்தை நிலைநாட்டிய துப்பாக்கியும், அதன் குடியேற்ற நாடுகளில் ஆசிரியரும் எழுதுவினைஞரும் ஏறிச்சென்ற வண்டியும் ஒரே பட்டறையின் பிள்ளைகள்.

மரைகளுக்கும் வரலாறு உண்டு. பெரும்பாலான ஆங்கிலேய வண்டிகளின் நடு அச்சில் அங்குலத்திற்கு 24 மரைகள் இருந்தன. நொட்டிங்காமின் றலி நிறுவனமோ தன் வண்டிகளுக்கு 26 மரைகளை வைத்துக்கொண்டது. இரண்டே மரை வித்தியாசந்தான். ஆனால் றலி வாங்கியவன் அந்தக் கோப்பையையும் றலியிடமே வாங்கவேண்டும். பிறருடைய உறுப்பைத் திணித்தால் மரை அழியும். சந்தையைத் தன் கைக்குள் வைத்திருக்க முதலாளித்துவம் கையாளும் உபாயங்களுக்கு இதனைவிடச் சிறிய சான்றும் தெளிவான சான்றும் கிடைத்தல் அரிது. அந்த நொட்டிங்காம் தொழிற்சாலையிற் சிறுவயதில் வேலை செய்தவர் அலன் சில்லிற்றோ. 1958இல் அவர் எழுதிய ‘சனி இரவும் ஞாயிறு காலையும்’ என்னும் நாவலின் நாயகன், சைக்கிள் தொழிற்சாலையிற் கடைசல் இயந்திரத்தின் முன் நின்று, செய்த உறுப்புக்களின் எண்ணிக்கைக்கேற்பக் கூலிபெறும் தொழிலாளி. நம் ஊரில் மசகு படிந்த விரல்களுக்கிடையே சிக்கும் ஒரு சிறு உறுப்பு, கடல்கடந்த இன்னொரு தொழிலாளியின் நேரத்தைக் கொண்டு செய்யப்பட்டது என்பதை அந்நாவல் நமக்கு உணர்த்தும்.

அடுத்து ரயர். 1888இல் பெல்பாஸ்ற் நகரில் டன்லொப் காற்றடைத்த ரயரை அமைத்தார். ஐரோப்பியத் தெருக்களிற் சைக்கிள் மெத்தென்று ஓடத் தொடங்கியது. உலகம் இறப்பருக்காகப் பசித்தது. அந்தப் பசிக்கு முதலில் இரையானவர்கள் கொங்கோ நாட்டு மக்கள். பெல்ஜிய மன்னன் லியோபோல்ட்டின் தனிச் சொத்தாக 1885 முதல் 1908 வரை இருந்த அந்நாட்டில், குறித்த அளவு இறப்பரைக் கொண்டுவரத் தவறிய கிராமங்களின் மீது ஆயுதப்படை ஏவப்பட்டது. மனிதரின் கைகள் வெட்டப்பட்டன. 1904இல் வெளிவந்த றொஜர் கேஸ்மன்றின் அறிக்கை இக்கொடுமையை உலகறியச் செய்தது. காட்டு இறப்பரின் இடத்தைத் தோட்ட இறப்பர் பிடித்தபோது, அந்தச் சங்கிலியின் மறு முனை நம் நாட்டில் விழுந்தது. 1876இல் பிரேசிலிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட விதைகளில் முளைத்த கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் இறப்பர்த் தோட்டங்கள் பரவின. அங்கே விடியற்காலையிற் பால்வெட்டிய கைகளுள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் கைகளும் அடங்கும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அதற்கு நான்காண்டுகளின் பின், 1952இல், சீனாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி அவர்கள் உழைப்பின் பயனான இறப்பரைக் கொடுத்தே இந்நாடு அரிசி பெற்றது. சில்லில் ஒட்டுப்போடும்போது நாம் தேய்ப்பது வெறும் இறப்பரையன்று.

துவிச்சக்கர வண்டி முதலாளித்துவத்தின் பிள்ளையாயினும், அதனை மக்கள் தமதாக்கிக்கொண்ட வரலாறும் உண்டு. 1894இல் பேர்மிங்காமிலே, றொபேட் பிளட்ச்போட்டின் ‘கிளாரியன்’ என்னும் சோஷலிசப் பத்திரிகையின் வாசகர்கள் சைக்கிள் கழகமொன்றை அமைத்து, ஞாயிற்றுக்கிழமைகளிற் கிராமங்களுக்குத் துண்டுப்பிரசுரங்களையும் பத்திரிகையையும் சுமந்து சென்றனர். 1954இல் தியன் பியன் பூவிலே பிரெஞ்சுப் படையை வியட்நாமிய மக்கள் முறியடித்தபோது, மலைப்பாதைகளில் அரிசியையும் வெடிபொருளையும் கொண்டுசென்றவற்றுள் ஆயிரக்கணக்கான சைக்கிள்களும் இருந்தன. அவற்றுட் பல பிரான்சில் செய்யப்பட்ட பேஜோ வண்டிகள். சட்டத்தை மூங்கிலாலும் மரத்தாலும் வலுப்படுத்தி, ஏறி ஓட்டாது தள்ளிச் சென்றே, ஒரு வண்டியில் 200 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தை ஏற்றினர். ஆளும் நாட்டின் பண்டத்தைத் திருத்தி அந்நாட்டையே வென்ற அம்மக்களின் செயல், பழுதுபார்த்தல் என்பது அரசியலும் ஆகலாம் என்பதற்குச் சான்றாகும்.

இந்தியா விடுதலை பெற்றபின் இத்தொழில் அங்கும் வேரூன்றியது. 1949இல் முருகப்பா குழுமமும் பேர்மிங்காமின் ரியூப் இன்வெஸ்ற்மென்ற்ஸ் நிறுவனமும் சேர்ந்து சென்னையை அடுத்த அம்பத்தூரில் டீ.ஐ. சைக்கிள் தொழிற்சாலையை அமைத்தன. 2002இல் நொட்டிங்காமின் றலி தொழிற்சாலை மூடப்பட்டது. பேர்மிங்காமிற் பிறந்த பீ.எஸ்.ஏ., ஹேர்குலிஸ் ஆகிய பெயர்களோ தமிழ்நாட்டு வண்டிகளில் உயிர்வாழ்ந்தன. மூலதனத்திற்குத் தாய்நாடு இல்லை என்பது இதனாலும் விளங்கும். ஆயினும் பழைய 28 அங்குல ரயரும் குண்டும் கம்பியும் இந்தியாவில் தொடர்ந்து செய்யப்பட்டமையாலேயே நம் வேலியோரத்து வண்டிகளுக்கும் மறுபிறவி வாய்த்தது.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டம் இவ்வரலாற்றில் தனியிடம் பெறுகின்றது. 1991ஆம் ஆண்டு தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியால், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுதலும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டது. கூலி விவசாயிகளும் கல்லுடைக்கும் பெண்களுமாக ஓர் இலட்சம் பேர் வரை அதிற் பங்குகொண்டனர். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்கள் வண்டியிலேயே ஏறினர் என்பதைப் பத்திரிகையாளர் பீ. சாயிநாத் பதிவு செய்துள்ளார். ஆணின் துணைக்காகவும் பேருந்துக்காகவும் காத்து நிற்காமல், சந்தைக்கும் வேலைக்கும் பெண் தானே புறப்படுவதென்பது, கேட்பவர் சிரித்துக் கடந்துபோகும் சிறு செய்தியன்று. அவளுடைய நேரம் அவள் கைக்கு வந்தது என்பதே அதன் பொருள்.

நம் நாட்டிற்குத் திரும்புவோம். 1990இல் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணத்தின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருளும் மின்கலமும் அரிதாகிய அந்த ஆண்டுகளிற் குடாநாட்டின் வாழ்வு துவிச்சக்கர வண்டியிலேயே ஓடியது. நோயாளியும் நெல்மூடையும் விறகும் பாடசாலைப் பிள்ளையும் அதன்மீதே சென்றனர். மின்சாரம் இல்லாத வீடுகளில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழுந்த மின்சாரத்தைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்டனர். அக்காலத்துச் சைக்கிள் திருத்துநரின் பணி, வைத்தியரின் பணிக்குச் சற்றும் குறைந்ததன்று.

ஆனால் அந்த வரலாற்றை ஒருபக்கமாகச் சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. 1990ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேரத்துள் வெளியேறவேண்டுமென விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். அம்மாதத்தில் வடமாகாணம் முழுவதிலுமிருந்து 70,000க்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். வீடும் கடையும் கருவிகளும் பின்னே நின்றன. தலைமுறைகளாகச் சேர்த்தவை அன்றே பறிபோயின. மன்னார்ப் பகுதியிலிருந்து பலர் கடல்வழியாக வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினர். புத்தளம் மாவட்டத்தின் ஓலைக் குடிசைகளில் அவர்களது புதிய வாழ்வு தொடங்கிற்று; முன்பு தமக்கென நிலமும் தொழிலும் உடையோராயிருந்தோர் இத்தீபகற்பத்தின் தோட்டங்களிற் கூலிகளாயினர். சரியாக ஐந்தாண்டுகளின் பின், 1995ஆம் ஆண்டு அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி, இராணுவம் முன்னேறி வருகையிற் புலிகளின் அறிவிப்பைக் கேட்ட வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டனர். மழையிலும் நெரிசலிலும், முதியவரைப் பின்னால் இருத்தி, மூட்டைகளைக் கைபிடியில் தொங்கவிட்டு, ஏறி ஓட்ட இடமின்றித் தள்ளிச் சென்றது அந்தத் துவிச்சக்கர வண்டியையே. இரு சாராரின் துயரமும் ஒன்றென்று கூறி முதலாவதன் அநீதியை மழுப்புவது தவறு. ஆயினும் இரு நாள்களையும் ஒருசேர நினைவுகூரும் மனம் வாய்த்தாலன்றி, இந்நாட்டின் உழைக்கும் மக்கள் ஒருவரையொருவர் முகம் நோக்க முடியாது. மாம்புரியைச் சூழ்ந்த இந்தக் கரையில் அந்நினைவு ஏட்டிலன்றி அயல்வீட்டிலேயே வாழ்கின்றது.

இனி, 2022க்குப் பின் நிகழ்ந்ததை நோக்குவோம். நெருக்கடியின் நாள்களிற் சைக்கிளின் புகழைப் பாடாதார் இல்லை. எரிபொருள் மீண்டும் வந்ததும் அப்புகழுரைகள் அடங்கின. வசதி படைத்தவர் வண்டியைச் சுவரிற் சாய்த்தனர். வசதியற்றவரோ அன்றும் மிதித்தனர், இன்றும் மிதிக்கின்றனர். கனரக வாகனங்கள் விரையும் வீதியின் ஓரத்து மணலில், தமக்கென ஓர் அடி அகலப் பாதையும் இன்றி. வறுமையைப் போற்றுவது நமது நோக்கமன்று. பேருந்து வராத ஊரில் மனிதன் பத்து மைல் மிதிப்பதை எளிமை என்றும் சுற்றாடற் பற்று என்றும் வருணிப்பது ஏமாற்று. 1948இல் வெளிவந்த டி சிக்காவின் ‘சைக்கிள் திருடர்கள்’ என்னும் இத்தாலியத் திரைப்படத்தில், அடகிலுள்ள வண்டியை மீட்பதற்குப் படுக்கை விரிப்புக்களை அடகுவைக்கின்றது ஒரு குடும்பம், வண்டியின்றி வேலையில்லை. வண்டி பறிபோனதும் அம்மனிதனின் வாழ்வே பறிபோகின்றது. அந்நிலையில் உள்ளோர் இன்றும் நம் கரையில் உண்டு.

ஆகவே நாம் கோரவேண்டியவை தெளிவானவை. பெரு வீதிகள் அகலமாக்கப்படும்போது சைக்கிளுக்கெனப் பாதை ஒதுக்கப்படவேண்டும். பாடசாலைப் பிள்ளைகளுக்கும் தொழிலாளருக்கும் வேண்டிய ரயர், ரியூப், செயின் முதலியவற்றை ஆடம்பரப் பண்டங்களோடு ஒன்றாக வைத்து வரி விதித்தல் கூடாது. யாவற்றிற்கும் மேலாக, திருத்துநரின் அறிவு காக்கப்படவேண்டும். இன்றைய பண்டங்கள் பல, வாங்கியவன் திறந்து பார்க்கவியலாதவாறு ஒட்டப்பட்டே விற்பனைக்கு வருகின்றன. பழுதுற்றதை எறிந்து புதியது வாங்குவதிலேயே இலாபம் தங்கியிருக்கின்றது. பழைய வண்டியோ தன் மரை ஒவ்வொன்றையும் வெளியே காட்டி நிற்கின்றது. அறிய விரும்புவோனுக்கு அது எதனையும் மறைப்பதில்லை. அந்த அறிவைச் சுமப்பவர் தெருவோர மரநிழலில் அமர்ந்திருக்கும் முதிய தொழிலாளர். அவர்கள் பிள்ளைகள் வெளிநாட்டு வேலை தேடிச் செல்கின்றனர். அவர்களோடு அக்கலையும் மறையும் நிலையில் இருக்கின்றது.

இங்கு ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. ஒவ்வொரு பாடசாலையும் கைவிடப்பட்ட பழைய வண்டியொன்றைத் தேடிப் பெறட்டும். ஊர்த் திருத்துநரை ஆசிரியராக அழைத்து, அவருக்குரிய ஊதியத்தையும் மரியாதையையும் அளித்து, மாணவரும் மாணவியரும் அதனைப் பிரித்துப் பூட்டப் பழகட்டும். நெம்புகோலும் உராய்வும் பல்லிணை விகிதமும் கரும்பலகையில் இருப்பதைவிட மசகு படிந்த கையில் நன்கு விளங்கும். அதனோடு, அந்த வண்டியை முதலில் வாங்கியவர் யார், என்ன தொழில் செய்தார், எதனைச் சுமந்தார், எந்த ஆண்டில் எவ்வூரிலிருந்து வந்தார் என்பவற்றையும் முதியோரிடம் கேட்டு எழுதி வைக்கட்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும், இந்துக்களும் கத்தோலிக்கரும் கலந்து வாழும் இக்கரையில் அத்தகைய குறிப்பேடு நூறு சேருமாயின், அரசர்களின் பட்டியல் சொல்லாத வரலாறொன்று நம் கைக்கு வரும். அதற்கு வேண்டுவன ஒரு சுத்தியல், இரண்டு சாவிகள், ஒரு போத்தல் மண்ணெண்ணெய், கேட்கும் பொறுமை ஆகியவையே.